விபூதியில் துலக்கிய சிடி

மாமா சென்னையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்த அப்பா அவரை ‘ஆபீசர்’ என்றுதான் சொல்வார். “ஆபீசர் எழுந்தாச்சா? ஆபீசருக்குக் காபி ஆச்சா?” என்று கேட்டபடியே காலையில் சைக்கிளை எடுப்பார். மாமா காதில் விழாததுபோல் புரண்டு படுத்துக்கொள்வார். அம்மாவுக்குத்தான் அது சுருக்கென்று தைக்கும்.

அப்போதுதான் மாமல்லபுரத்திலிருந்து ஒரு நல்ல சேதி வந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றின் சொந்தக்காரர், எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிறவர், கீழ் அறையை பிரவுசிங் சென்டராக மாற்றியிருந்தார். அதிலிருந்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போய், புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருந்தது. அதில் ஒன்றுமே இல்லை, துடைத்துவைத்த சிலேட்டு மாதிரி காலி. அதற்குப் புது விண்டோஸ் போட்டு எழுப்பிக் கொடுத்தால் அந்தக் கடை நாற்காலி மாமாவுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கெடு. முடியாவிட்டால் முட்டுக்காட்டிலிருந்து வேறு ஆள் வருவான்.

சனிக்கிழமை காலை மாமா இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். அம்மா சூடம் சுற்றிப் போட்டாள். அப்பா செய்தித்தாளைக் கீழே இறக்காமலே, “ஆபீசர் டூட்டிக்குக் கிளம்பிட்டாரா?” என்றார்.

மத்தியானம் பக்கத்து வீட்டு போனுக்கு மாமா கூப்பிட்டார். அம்மாவோடு நானும் ஓடினேன். ரிசீவருக்கு வெளியே கேட்கும்படி மாமா கத்திக்கொண்டிருந்தார்.

“அக்கா, பாய் வெச்சிகினு கீறது அப்கிரேடு சிடி. மின்னாடி பழைய விண்டோஸ் இருந்துச்சான்னு அத்தாட்சி கேக்குது. டிஸ்க்குதான் காலியாச்சே, இன்னாத்த காட்டறது? பழைய சிடிய ஒரு வாட்டி உள்ள போட்டுக் காட்டுனா ஒத்துக்கும். நம்ம வூட்ல பூஜை அலமாரில கீது பாரு, அத்த யார் கையிலயாவது குடுத்தனுப்பு.”

அம்மாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது. புது ரேஷன் கார்டு வேண்டுமென்றால் பழைய கார்டைக் காட்ட வேண்டும். தாலுகா ஆபீஸ்காரர் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? “யார் கையிலயும் குடுக்க மாட்டேன். நானே எடுத்துகினு வரேன்டா,” என்றாள்.

அந்த சிடி பூஜை அலமாரிக்குப் போனதற்குக் காரணம் சரஸ்வதி பூஜை. என் கணக்குப் புத்தகத்தோடு, தம்பியின் படிப்பு சம்பந்தப்பட்டது என்று அம்மா அதையும் அடுக்கிவிட்டாள். சந்தனமும் குங்குமமும் வைக்கும்போது ஒரு கேள்வி வந்தது. சிடிக்கு எது முகம்? ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் பளபளப்பு. எந்தப் பக்கம் நம் மூஞ்சி தெரிகிறதோ அதுதான் முகம் என்று அம்மா தீர்ப்புச் சொல்லி, பளபளப்பான பக்கத்தில் பெரிதாகப் பொட்டு வைத்தாள். பூஜை முடிந்த பிறகும் அது திருப்போரூர் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

இப்போது எடுத்துப் பார்த்தால் சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. “இப்டியேவா எடுத்துகினு போறது? நாலு பேர் வந்து போற எடம்,” என்று அம்மா கிணற்றடிக்குப் போனாள். குத்துவிளக்குக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. விபூதியைக் குழைத்துப் பூசி, தேங்காய் நாரால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கழுவித் துடைத்து, மஞ்சள் துணியில் சுற்றி, ஒயர் கூடையில் எலுமிச்சை சோறு டப்பாவுக்கு மேலே வைத்தாள்.

பஸ்ஸில் எனக்கு மானம் போயிற்று. திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறும்வரை பக்கத்து சீட்டுக்காரி, முன் சீட்டுக்காரர், கண்டக்டர் எல்லோரிடமும், “என் தம்பிக்கு மாபலிபுரத்துல கம்ப்யூட்டர் வேலை. அதுக்குத்தான் சாமான் எடுத்துகினு போறோம்,” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். லாட்ஜில் நுழைந்தபோது இன்னும் மோசம். மெயில் அனுப்பக் காத்திருந்த வெள்ளைக்காரத் தம்பதி எழுந்து அம்மாவுக்கு நாற்காலி கொடுத்தார்கள். அம்மா அவர்களிடம் தமிழிலேயே, “பரவாயில்ல, நீங்க உக்காருங்க, எலுமிச்ச சோறு துன்றீங்களா?” என்று கேட்டாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

மாமா மஞ்சள் துணியைப் பிரித்தார். சிடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினார். கட்டை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார்.

“எப்டி கீது? பளபளன்னு கீதா?” என்றாள் அம்மா. வேர்த்து வழிந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

“சூப்பரா கீதுக்கா,” என்றார் மாமா.

உள்ளே போட்டார். பெட்டி கரகரவென்று உறுமிவிட்டு ஓய்ந்தது. திரை பழையபடி அத்தாட்சி கேட்டது. வெளியே எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டார். மறுபடி உறுமல், மறுபடி அதே கேள்வி. அம்மா கைகளைக் கூப்பிக்கொண்டாள். பாய் வந்து நின்றார்.

“இன்னா தம்பி, ஆச்சா? சிடி எதனா ரிப்பேரா?”

மாமா அம்மாவை ஒரு முறை பார்த்தார்.

“சிடி நல்லாத்தான் கீது பாய். எனக்குத்தான் போடத் தெரியல. நான் படிச்சது வேற.”

“தெரியும்னுதானே தம்பி வந்தே? காலைலேர்ந்து கடைய மூடி வெச்சிகினு கீறேனே!” பாய் கோபப்படக்கூட இல்லை, அலுத்துக்கொண்டார். வெள்ளைக்காரர்கள் எழுந்து போனார்கள். மாமா சிடியைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார். அதுவரை அம்மாவுக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்த நான், அந்த நிமிஷத்திலிருந்து மாமாவுக்காக வெட்கப்பட ஆரம்பித்தேன். இத்தனை நாள் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று அளந்ததெல்லாம் புளுகா?

திரும்பும் பஸ்ஸில் அம்மா சோற்று டப்பாவை மாமா மடியில் வைத்து, “தெரியாதத தெரியும்னு ஏண்டா சொன்ன? வூட்ல அவர் மூஞ்சில எப்டிடா முழிப்பேன்?” என்று அழுதாள். மாமா குனிந்தபடி சாப்பிட்டார். வழியில் ஒரு ஏரி வந்தது. மாமா சட்டைக்குள்ளிருந்து சிடியை எடுத்து ஜன்னல் வழியாக வீசினார். வெயிலில் ஒரு தடவை மின்னித் தண்ணீருக்குள் போய்விட்டது. திரும்பிய மாமா என்னைப் பார்த்தார்.

“அய்யோ பாவி! அவ்ளோ பாடுபட்டுத் தேச்சுக் குடுத்தேனேடா!” என்று அம்மா பதறினாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் சிடிமேல் கோபத்தைக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கி வீட்டுக்கு ஓடி, “மாமாவுக்கு ஒண்ணுமே தெரியலப்பா,” என்று சொன்னதும் நான்தான். “எனக்கு அப்பவே தெரியும்,” என்றார் அப்பா. அன்றிலிருந்து ‘ஆபீசர்’ என்ற பட்டமும் போய்விட்டது. அப்பா அவரை எந்தப் பெயரிலும் கூப்பிடவில்லை. மறு வாரமே மாமா திருப்போரூரில் மனை விற்கிற ஒருவரிடம் வேலைக்குப் போனார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார், கையில் மனை வரைபடமும் தலையில் தொப்பியுமாக.

கல்லூரி லேபில் ஒரு நாள் என் சிடியை மெஷின் ஏற்கவில்லை. சொல்லிக்கொடுத்த மேடம் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நகம் பட்டாலே போச்சு, இதைப் போய் இப்படிக் கீறி வெச்சிருக்கியே,” என்றார். ஒரு கீறல்தான் அது. எனக்குத் தேங்காய் நார் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மாமா சிடியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்ததும்.

அம்மா இந்தக் கதையை விசேஷ வீடுகளில் இன்னமும் சொல்கிறாள். போன மாதம் ஒரு வளைகாப்புப் பந்தியிலும் சொன்னாள். “ரெண்டு பஸ் மாறி நான் எடுத்துகினு போய்க் குடுத்தேன். விளக்காட்டம் துலக்கிக் குடுத்தேன். இவனுக்குப் போடத் தெரியல!” எல்லோரும் சிரித்தார்கள். “ஆமாக்கா, எனக்குத் தெரியல,” என்று மாமாவும் சிரித்தார்.

“அம்மா, அது வந்து…” என்று ஆரம்பித்தேன். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏரியில் சிடியை எறிந்துவிட்டுத் திரும்பியபோது என்னைப் பார்த்தாரே, அதே பார்வை. அதைத்தான் நான் அன்றைக்கு வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

“உனக்கு இன்னா தெரியும், நீ சின்னப் பொண்ணு,” என்றார். “பாயசம் ஆறுது பாரு, துன்னு.”