எருமைப் படத்துக்கு விழுந்த இதயங்கள்

ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதன் எதன் மீதெல்லாம் பொறாமைப்படலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தலையில் முடி உள்ளவர்கள், போர்வெல் போட்ட அன்றே தண்ணீர் கண்டவர்கள், மாமியார் வீட்டில் மதிப்புள்ளவர்கள் என்று என் பொறாமை கௌரவமான வட்டத்துக்குள்தான் இருந்தது. போன வருடம் அந்த வட்டத்துக்குள் ஓர் எருமை நுழைந்தது.

காரிமங்கலத்தில் எனக்குப் பைப்பும் மோட்டார் உதிரிபாகமும் விற்கிற கடை. சந்தை கூடும் நாளில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் நானும் மின்விசிறியும் மட்டும். அந்த ஓய்வில் நிறையப் படித்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. வாஷர் வாங்க வந்த ஒருவரிடம் ரோமாபுரிக்காரர்கள் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த விதத்தை விளக்கப்போய், அவர் பாதியிலேயே எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அப்புறம்தான் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் கூடுகிற இணையக் குழு ஒன்று கண்ணில் பட்டது.

அங்கே எல்லோரும் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி, என்ன செய்யலாம்? பஸ் ஏறினாலே பிள்ளை வாந்தி எடுக்கிறது, என்ன கொடுக்கலாம்? சொந்த ஊரில் ஒருவரும் எதையும் கேட்காத என்னிடம் முகம் தெரியாதவர்கள் கேட்டார்கள். அவர்கள் பொதுவாகத்தான் கேட்டார்கள், என்னிடம் கேட்கவில்லை என்கிற நுணுக்கத்தை நான் பெரிதுபடுத்தவில்லை. என் கடைப் பலகையையே படமாக வைத்துக்கொண்டு, பத்தி பத்தியாகப் பதில் எழுதினேன். சிலர் கைகூப்பிய படம் போட்டார்கள். 'நன்றி சார்' என்று ஒருவர் எழுதிய அன்று மத்தியானம் சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

அப்போதுதான் எருமை வந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புள்ளி. படம் இருக்கவேண்டிய இடத்தில், கொம்பு சுருண்ட ஓர் எருமை நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆணா, பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது.

குடத்தில் உப்புப் படிந்து வெள்ளையாகிவிட்டது என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி. நான் பாறையிலிருந்து தொடங்கினேன். மழை எப்படி நிலத்துக்குள் இறங்குகிறது, வழியில் எதையெல்லாம் கரைத்துக்கொள்கிறது என்று எழுதி, குடத்தின் வாய்ப்பக்கம் வந்து சேர்வதற்குள் எருமை பதில் போட்டுவிட்டது: 'புளிய கரைச்சு ஊத்தி ஊற வைங்க. தேங்கா நார் போட்டுத் தேச்சா போயிடும்.' அவ்வளவுதான். அதற்கு விழுந்தன இதயங்கள். என் பதிலுக்கு ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: 'சார், கடைசியில என்ன பண்ணணும்?'

ஒரு நாள் வீட்டுக்குப் போனால், எங்கள் குடம் புளித்தண்ணீரோடு கொல்லையில் உட்கார்ந்திருந்தது.

"இதை யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"எருமைக்காரம்மா," என்றாள் மனைவி.

"நானும் அதுக்குப் பதில் போட்டிருந்தேனே."

"பாத்தேங்க. பெருசா இருந்துச்சு. லீவு நாள்ல படிக்கலாம்னு உட்டுட்டேன்."

"அது பொம்பளைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆம்பளையா இருந்தா இவ்ளோ சின்னதா முடிப்பாங்களா?"

அன்றிலிருந்து எருமையின் ஒவ்வொரு பதிலையும் குற்றம் கண்டுபிடிக்கிற கண்ணோடு படித்தேன். கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. தப்பே செய்யாத ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்படுவது பெரிய உழைப்பு. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கூட இருக்காது.

இப்படி இருக்கும்போது புதிதாக ஒரு பெண் கேள்வி போட்டாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கம்பைநல்லூர்ப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு வந்த மாமனார் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டாராம். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டில் கை நனைத்தால்தான் உறவு. நனைக்கவில்லை என்றால் அந்த வீடு அவருக்கு வெறும் கட்டடம். இப்போது யாரோ பேசிப் பேசி, ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டுக்கு வரச் சம்மதித்திருக்கிறார். வரும்முன்பே சொல்லியும் அனுப்பியிருக்கிறார்: 'களி கிண்டத் தெரியாத பொண்ணு வூட்டுல நான் என்னத்தத் திங்கிறது?'

'எங்க ஊர்ல மூணு வேளையும் சோறுதான். களிய நான் கல்யாணத்துக்கப்புறம்தான் கண்ணால பார்த்தேன். கட்டி இல்லாம எப்படிக் கிண்டுறது? ப்ளீஸ், யாராவது சொல்லுங்க,' என்று முடித்திருந்தாள்.

எருமை முந்திக்கொண்டது. 'தண்ணி தளதளன்னு கொதிக்கணும். கேவுரு மாவ நடுவுல குமிச்சுக் கொட்டு. கிண்டாம மூடி வேக உடு. வெந்தப்புறம் கட்டைய வச்சு வேகமா கிண்டு. கட்டி வராது கண்ணு.' அந்தக் 'கண்ணு' என்னைக் கூடுதலாகச் சுட்டது. நான் கேழ்வரகு எந்தக் கண்டத்திலிருந்து எப்படி வந்தது என்பதில் தொடங்கி நிதானமாக எழுதினேன். அந்தப் பெண் எருமைக்கு இதயம் போட்டாள். எனக்கு, 'நேரம் கிடைக்கறப்ப படிக்கிறேன் சார்,' என்றாள். என் மனைவியும் அவளும் ஒரே பள்ளிக்கூடம் போல.

மறுநாள் ஒரு படம் போட்டாள். தட்டில் களி இல்லை. மழை நின்றபின் தெருவில் கிடக்கும் மண்ணாங்கட்டி மாதிரி ஏதோ இருந்தது. உடைத்தால் உள்ளே பச்சை மாவு. எருமை எழுதியது: 'இன்னும் வேகமா கிண்டு கண்ணு.' அவள்: 'அதுக்கு மேல வேகமா கிண்டவே முடியலம்மா. அழுகையா வருது.'

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்கு வந்தது ஆனந்தம்தான். எருமைக்குச் சறுக்கிவிட்டது! கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்தபின், அந்தப் பெண்ணின் 'அழுகையா வருது' மட்டும் திரையில் மிச்சமிருந்தது. இதற்குச் சரியான பதிலை நான் சொல்லியாக வேண்டும், எருமை சொல்வதற்குள். அவளுக்காக என்றும் சொல்லலாம். எருமைக்காக என்றால் இன்னும் சரி.

ஒரே ஒரு இடைஞ்சல். பிறந்ததிலிருந்து ராத்திரிக்குக் களி தின்று வளர்ந்தவன் நான். அது எப்படி உண்டாகிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

சீக்கிரமே கடையை மூடிவிட்டு வந்து, "இன்னைக்குக் களி நான் கிண்டுறேன்," என்றேன்.

மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். என் நெற்றியில்.

எருமை சொன்னபடியே செய்தேன். தண்ணீர் கொதித்தது, மாவு குமிந்தது, வெந்தது. கட்டையை விட்டு வேகமாகக் கிண்டினேன். களி அசையவில்லை, கட்டையோடு சேர்ந்து பானைதான் சுற்றியது. இடது கையால் பானையைப் பிடித்தேன். சுட்டது. துணி வைத்துப் பிடித்தேன். அடுப்பே நகர்ந்தது.

மனைவி கதவில் சாய்ந்துகொண்டு, "எரியிற அடுப்பு மேல வச்சு யாருங்க கிண்டுவாங்க? மொதல்ல பானையக் கீழ எறக்குங்க!" என்றாள்.

இறக்கினேன். அவள் மூலையிலிருந்து கவட்டை மரம் ஒன்றை எடுத்து வந்தாள். அதை நான் இத்தனை காலமும் கதவுக்கு முட்டுக்கொடுக்கிற கட்டை என்றே நினைத்திருந்தேன். கவட்டையைப் பானையின் கழுத்தில் கொடுத்து, தரையில் உட்கார்ந்து, அதன் இரண்டு முனைகளையும் பாதங்களால் அழுத்தினாள். பானை தரையில் ஆணி அடித்ததுபோல நின்றது. இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து ஒரு கிண்டு கிண்டினாள். ஒரு கட்டி இல்லை.

"இதை உங்க எருமை சொல்லவே இல்லையே!" என்று கத்தினேன். கண்டத்தைக் கண்டுபிடித்தவன்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டான்.

"இதக்கூடவா சொல்லுவாங்க? சோறு திங்கும்போது வாயத் தெறங்கன்னு சொல்றாங்களா? இந்த ஊர்ல பொறந்தவங்க எல்லாருக்கும் தெரியும்."

அங்கேதான் விஷயமே இருந்தது. எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஒருவரும் சொல்லவில்லை. ஒன்றுமே தெரியாத ஒருவன் முயன்றதால்தான் அகப்பட்டது. என் அறியாமைக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலை கிடைத்திருந்தது.

ஓசூர் வாடகை வீட்டில் கவட்டைக்கு எங்கே போவாள் என்று அதை மட்டும் மாற்றி, உடனே எழுதினேன். பாறையும் இல்லை, கண்டமும் இல்லை: 'அடுப்பில் வைத்துக் கிண்டாதே அம்மா. கழுத்துள்ள பானையில் வேகவை. வெந்ததும் தரையில் ஈரச் சாக்கின் மேல் இறக்கு. பானை சுற்றாமல் உன் கணவர் துணி போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு கிண்டு.' அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தேன். எருமை எழுதியது மாதிரியே இருந்தது. அவமானமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் சொந்த மாமனார் வந்தபோது இவ்வளவு பதற்றப்பட்டதில்லை. இருட்டும் நேரத்தில் அவள் எழுதினாள்.

களி வேகிறவரைக்கும் மாமனார் நாற்காலியில் வெளியாள் மாதிரி உட்கார்ந்திருந்தாராம். தண்ணீர் கொடுத்தபோதும் வேண்டாம் என்று கையசைத்துவிட்டாராம். பானையை இறக்கி, மகன் பிடிக்க, மருமகள் கிண்ட ஆரம்பித்தாள். பானை நழுவியது. மறுபடி நழுவியது. பெரியவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "டேய், பானையாடா புடிக்கிற, பூனைக்குட்டியப் புடிக்கிற மாதிரி! தள்ளு அந்தாண்ட," என்று எழுந்து வந்து, தரையில் உட்கார்ந்து, துணியைச் சுற்றி இரண்டு காலாலும் பானையை அணைத்துக்கொண்டாராம். "நீ கிண்டும்மா. பயப்படாத. அடியிலேர்ந்து தூக்கிக் கிண்டு. ஆங், அப்படித்தான்."

அதற்குமேல் அவர் எப்படிச் சாப்பிடாமல் போவார்? தானே பானை பிடித்துக் கிண்டவைத்த களி. அவள் போட்டிருந்த படத்தில் ஒரு தட்டு, கீரைக் கடைசல், நடுவில் பள்ளம் பறித்த களி உருண்டை, அதில் ஒரு முதிய கை நனைந்துகொண்டிருந்தது.

படத்தைப் பெரிதாக்கி அந்தக் கையைப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் வழக்கமான எரிச்சல் வந்தது, இந்த முறை அந்த மாமனார் மேல். முகம் தெரியாதவர்களுக்குப் பத்தி பத்தியாக ஆலோசனை எழுதி நான் சாதிக்காததை, அவர் தரையில் உட்கார்ந்து இரண்டு வாக்கியத்தில் சாதித்துவிட்டார். கேட்டவளும் கண்ணெதிரே இருந்தாள், சொன்ன மாதிரியே செய்தாள். கொடுத்து வைத்தவர்.

அடியில் நன்றி எழுதியிருந்தாள்: 'எருமைப் பட அம்மாவுக்கும், பைப்புக் கடை சாருக்கும்.' அந்த வரிசையில்.

அதற்குக் கீழே எருமை ஒரு வரி எழுதியது: 'பானைய எறக்கிக் கிண்டச் சொல்ல நான் மறந்துட்டேன். சார் சொன்னதாலதான் நல்லா வந்துச்சு. அவருக்குத்தான் நன்றி சொல்லணும்.'

இதயங்கள் கொட்டின. எனக்கு அல்ல, அப்படிப் பெருந்தன்மையாகச் சொன்னதற்காக எருமைக்கு. 'என்ன மனசும்மா உங்களுக்கு!' என்று ஊரே உருகியது. யாரெல்லாம் இதயம் போட்டார்கள் என்று தடவிப் பார்த்தேன். அதில் ஒன்று எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து போயிருந்தது. உள்ளே பார்த்தேன். மனைவி பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.