மாஸ்டரின் பாட்டும் இரண்டாவது பிரேக்கும்

மாஸ்டர் என்றதும் நூறு வயலின்காரர்களைக் கண்ணாலேயே ஆட்டிப்படைக்கிற பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் மாஸ்டர், மாஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, மனைவியைத் தவிர மற்ற அத்தனை பேருக்கும் அவர் மாஸ்டர் ஆகிவிட்டார். மிச்ச நேரத்தில் பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், கிதார் வாசித்துக்கொண்டு பாடவும் செய்வார். சினிமாவுக்கு இல்லை, எந்தக் கம்பெனிக்கும் இல்லை. சுயாதீன இசைக் கலைஞர். அதாவது, யாரும் கேட்டுக்கொள்ளாமல் தானாகவே பாடுகிறவர்.

அவருக்கு ஒரு குழுவும் உண்டு. மூன்று பேர். மூவருமே அவரிடம் கார் கற்றுக்கொண்டவர்கள், லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் போகாமல் தங்கிவிட்டவர்கள். டிரம்ஸ் அடிப்பவர் டயர் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க ரப்பரை அடித்துவிட்டு, கை அரிப்பு தீராமல் இங்கே வருகிறார். கீபோர்டு வாசிப்பவர் ஒரு பள்ளிக்கூடத்தின் மியூசிக் டீச்சர். பேஸ் கிதார் வாசிப்பவன் மாஸ்டரின் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. குழுவின் நிர்வாகியும் அவன்தான். யாருக்கு என்ன மெயில் அனுப்பினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் அனுப்புவது அவனுடைய தனித்திறமை.

பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கம் இரண்டாவது பிரேக் ஒன்று இருக்கும். எதிரில் லாரி வந்து, ஓட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டால், மாஸ்டரின் வலது கால் டொப்பென்று இறங்கும். அந்தச் சத்தம் கேட்டால் எதையும் யோசிக்காமல் கையும் காலும் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் சொல்லித்தரும் முதல் பாடம். அது எப்படிப்பட்ட பாடம் என்றால், காலில் ஏறின எறும்பை உதற மாஸ்டர் தரையைத் தட்டினாலும், இந்த மூவரும் ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வார்கள்.

டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறையில்தான் ஒத்திகை. சுவர் முழுக்கப் போக்குவரத்துக் குறிகள். மேஜைமேல் பாதியாக அறுத்து உள்ளே காட்டும் பழைய கியர்பாக்ஸ். மூலையில் தார்ப்பாய் போர்த்திய டிரம்ஸ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே விசாரணை நடக்கும். மாஸ்டர் புதுப் பாட்டைப் போட்டுக்காட்ட வேண்டும், மூவரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். எழுதினவர் நடுவில் வாயே திறக்கக்கூடாது. எல்லாரும் முடித்தபின் ‘நன்றி’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லலாம். இந்த விதியைப் போட்டவர் மாஸ்டரேதான். பாராட்டு மழை கொட்டும்போது நடுவில் பேசுவது நாகரிகம் இல்லை என்று நினைத்துவிட்டார், பாவம். அவருடைய நாற்காலிக்கு மேலே ‘ஒலி எழுப்பாதீர்’ பலகை தொங்கியது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

டயர்காரரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகைப் பாட்டுதான். ஒன்று ஓடுது, இன்னொன்று நிக்குது. மாஸ்டரின் பாட்டுகள் பெரும்பாலும் நின்றன. டீச்சருக்குக் காது கத்தி. மூன்றாவது வரி எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது என்பார். எங்கே என்று சொல்லமாட்டார், அந்த வாரம் முழுக்க மாஸ்டர் தூங்கமாட்டார். மச்சான் போனிலிருந்து தலையை எடுக்காமலே, “ஆரம்பம் இழுக்குது மாமா. ஜனங்க தள்ளி விட்டுட்டுப் போயிடுவாங்க” என்பான். அவனே தள்ளி விட்டுவிட்டுத்தான் சொல்லுவான்.

‘குடை’ என்று ஒரு பாட்டு. பஸ் ஸ்டாப்பில் யாரோ மறந்துவிட்டுப் போன குடையைப் பற்றி மாஸ்டர் மெதுவாக, மனசு கனத்துப்போய் எழுதியது. டயர்காரர் சொன்னதால் வேகம் ஏறியது. டீச்சர் சொன்னதால் மூன்றாவது வரி மாறியது, அதற்குப் பொருத்தமாக மற்ற வரிகளும் மாறின. மச்சான் சொன்னதால் முதல் சரணமே போனது. குடை இருந்தது அந்தச் சரணத்தில்தான். கடைசியில் நிகழ்ச்சிக்கு அனுப்பத் தயாரான பாட்டில் குடையும் இல்லை, பஸ் ஸ்டாப்பும் இல்லை, எல்லாரும் கைதட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பினார்கள். மாஸ்டர் நன்றி சொன்னார்.

நிகழ்ச்சி என்றால், ஒரு புத்தகக் கடையின் மாடியில் நடக்கிற சின்னக் கச்சேரி. ஒரு குழுவுக்கு ஒரு பாட்டு. அதற்கே அனுப்பி அனுப்பி, இவர்களுடைய பாட்டு ஒருமுறைகூடத் தேறினதில்லை. இந்தத் தடவை பதில் வந்தது. விசாரணை அறையில் மச்சான் அதைச் சத்தமாகப் படித்தான்.

“உங்கள் பாட்டு தேர்வாகியிருக்கிறது. அந்த டிக் டிக் சத்தமும், நடுவில் வருகிற அம்மா குரலும் பிரமாதம். மேடையிலும் அப்படியே வேண்டும்.”

“குடையில ஏது டிக் டிக்?” என்றார் டயர்காரர்.

“அம்மா குரல் யாரு? என்னையா சொல்றாங்க?” என்றார் டீச்சர்.

மாஸ்டர் போனை எடுத்துப் பார்த்தார். போனில் ‘குடை’க்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு பதிவைத் தொட்டு மச்சானுக்கு அனுப்பியிருக்கிறார். மச்சான் வழக்கம்போலத் திறந்து பார்க்காமல் அனுப்பியிருக்கிறான்.

அந்தப் பதிவு காரில் நடந்தது. பல் டாக்டர் ஒருவர் கார் கற்றுக்கொண்டிருந்தார். அடுத்தவர் வாயில் கையை விட நடுங்காத அந்த அம்மாவுக்கு, ஸ்டியரிங்கைத் தொட்டால் நடுங்கும். “ஏதாவது பேசிக்கிட்டே வாங்க மாஸ்டர், அமைதியா இருந்தா பயமா இருக்கு” என்றார். பேச ஒன்றும் தோன்றாமல் மாஸ்டர், மனசுக்குள் வைத்திருந்த ஒரு பாட்டை மெல்லப் பாடினார். புது மெட்டு வந்தால் பதிவு செய்துகொள்ளும் பழக்கத்தில் போனையும் அழுத்தி வைத்தார். டாக்டர் வளைவில் போட்ட இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிட்டார். கற்றுக்கொடுக்கிறவரும் மறந்துவிட்டார், அதுதான் வெட்கக்கேடு. பாட்டு முழுக்க அது டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே வந்தது.

*வெளிய லைட்ட அணைச்சிடாதே*
*வந்துக்கிட்டேதான் இருக்கேன்*
*வழி மறந்து போகல நான்*
*வந்து சேரத்தான் நாளாச்சு*

நடுவில் டாக்டர், “மாஸ்டர், இப்பத் திருப்பணுமா?” என்று கேட்கிறார். “வேண்டாம்மா, நேராவே போங்க” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் அடுத்த சரணத்துக்குப் போகிறார். கடைசியில் “பிரேக்! பிரேக்!” என்று ஓர் அலறல். அத்தோடு பாட்டு முடிகிறது.

அந்தப் பாட்டு மனைவிக்காக எழுதியது. ஒத்திகை முடிந்து எப்போது வீடு திரும்பினாலும் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அதைப் பற்றியது. விசாரணைக்குக் கொண்டுவந்தால் விளக்கை அணைத்துவிட்டு டிஸ்கோ லைட் போட்டுவிடுவார்கள் என்று பயந்து ஒளித்துவைத்திருந்தார். இப்போது அது மாட்டிக்கொண்டது.

பதிவு ஓடி முடிந்ததும் டயர்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“இத்தனை வருஷமா கை வலிக்க அடிக்கறேன். கடைசில எனக்குப் பதிலா ஒரு இண்டிகேட்டரா? சரி, அது தாளமாவது தப்பியிருக்கும்னு கூர்ந்து கேட்டேன். தப்பவே இல்ல. அதான் இன்னும் எரியுது.”

டீச்சர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். “சுருதி ரெண்டு இடத்துல கீழ இறங்குது மாஸ்டர். ஒண்ணு உங்க தப்பு. இன்னொண்ணு வண்டி குழியில இறங்கினது. குழியை எடுத்துட்டு அங்க நான் கீபோர்டை நிரப்பிடறேன்.”

“ஆரம்பத்துல வெறும் கியர் சத்தம் மாமா” என்றான் மச்சான். “இதையெல்லாம் எவன் உக்காந்து கேப்பான்?”

கேட்டுத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று சொல்ல மாஸ்டர் கையைத் தூக்கினார்.

“மாஸ்டரே, விதி விதிதான். நீ போட்டதுதான்” என்று டயர்காரர் அவரை உட்காரவைத்தார்.

தீர்ப்பு எழுதப்பட்டது. முதல் சரணம் மட்டும் மாஸ்டர் தனியாக, டிக் டிக்கோடு பாடலாம். அது கருணை. இரண்டாவது சரணத்தில் மூவரும் ஒன்றாக இறங்கி, பாட்டைக் காப்பாற்றுவார்கள். மாஸ்டர் நன்றி சொன்னார்.

வீட்டில் அவர் முகம் சுண்டிக்கிடந்ததைப் பார்த்து மனைவி விசாரித்தாள். என்ன பாட்டு என்று மட்டும் சொல்லாமல், மற்றதையெல்லாம் கொட்டினார். ஒரே ஒரு பாட்டை, வந்தது வந்தபடியே பாட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் மூன்று பேரையும் கீழே உட்காரச் சொன்னால் மனசு உடைந்துபோவார்கள். அவர்களை விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

“கத்துக்க வர்றவங்க கையில ஸ்டியரிங்கக் குடுத்துட்டு, பிரேக்க மட்டும் உங்க கால்லயே வெச்சிருக்கீங்க. அந்த அளவுக்கு உஷாரு” என்றாள் மனைவி. “பாட்டுல மட்டும் ரெண்டு பிரேக்கையும் அவங்ககிட்டக் குடுத்துட்டு டிக்கியில ஏறிப் படுத்துக்கறீங்க. அதுல என் தம்பி வேற ஓட்டறான். வெளங்கிடும்.”

மறுநாள் மாஸ்டர் நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு டயர் கடைக்குப் போனார். டயர்காரர் பஞ்சர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டரைக் கண்டதும் ஈரக்கையோடு எழுந்து ஓடி, ஒரு பையைப் பிரித்துக் காட்டினார். புது டிரம்ஸ் குச்சிகள்.

“முதல் மேடை இல்லியா மாஸ்டரே! வீட்டுல கேலி பண்றாங்க. பண்ணட்டும். எனக்குத் தூக்கமே வரல.”

மாஸ்டர் குச்சிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திரும்பிவிட்டார். டீச்சர் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார் என்றும், மச்சான் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறான் என்றும் தெரிந்தபின், அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

கச்சேரி நாள் வந்தது. புத்தக அலமாரிகளை ஓரம் கட்டி, பலகை மேடை போட்டிருந்தார்கள். ஜனம் ஏதோ இருந்தது. பல் டாக்டர் தன் குரல் வருகிறது என்று குடும்பத்தோடு வந்து முதல் வரிசையைப் பிடித்துவிட்டார். மாஸ்டரின் மனைவி அவருக்குப் பின் வரிசையில் இருந்தாள். டிக் டிக்கையும் டாக்டரின் குரலையும் மட்டும் பதிவிலிருந்து பிரித்து வைத்திருந்த லேப்டாப்பை மச்சான் தட்ட, டிக் டிக் ஆரம்பித்தது. மாஸ்டர் கிதாரைத் தொடவில்லை. காருக்குள் கிதார் இல்லையே.

முதல் சரணத்தைப் பாடினார். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் அது அவருடைய குரல்தான். முணுமுணுப்பு அடங்கியது. டாக்டரின் “இப்பத் திருப்பணுமா?” வந்தபோது மெல்லிய சிரிப்பு ஓடியது. “வேண்டாம்மா, நேராவே போங்க” என்றார் மாஸ்டர். அப்போதுதான் ஓரக்கண்ணில் பார்த்தார். டயர்காரரின் புதுக் குச்சிகள் மேலே எழும்பிவிட்டன. டீச்சரின் பத்து விரலும் கீபோர்டுக்கு மேலே தயார். மச்சான் தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டான்.

எதிரில் லாரி வருவதைப் பார்த்த கால் மாஸ்டரைக் கேட்கவில்லை. பலகை அதிர, டொப்பென்று இறங்கியது.

குச்சிகள் அந்தரத்தில் நின்றன. பத்து விரலும் நின்றன. மச்சானின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. ஒரு நொடி தாண்டினால் மீண்டும் புறப்பட்டுவிடுவார்கள் என்று மாஸ்டருக்குத் தெரியும். அந்த ஒரு நொடிக்குள் இரண்டாவது சரணத்தைத் தொடங்கிவிட்டார். அதற்குள் புகுந்தால் தாளம் கெட்டுவிடும் என்று டயர்காரர் அடுத்த வரிக்குக் காத்தார். டயர்காரர் இறங்கட்டும் என்று டீச்சர் காத்தார். டீச்சரைப் பார்த்து மச்சான் காத்தான். காத்துக்கொண்டிருந்த நேரத்தில், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மூவரும் மாஸ்டரின் பாட்டைக் கேட்டார்கள். கடைசியில் “பிரேக்! பிரேக்!” என்ற அலறலும் வந்து பாட்டு முடிந்தது. கைதட்டல் கொஞ்சநேரம் நிற்கவில்லை.

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்:

“சுவிட்சு கெட்டுப்போச்சுங்க. அதான் எப்பவும் எரியுது. ஆளக் கூட்டிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?”

மாஸ்டர் விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

“சரி, இனிமே சரி பண்ண வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை கூடியது. திட்டு விழப்போகிறது, குழு இன்றோடு உடையப்போகிறது என்று மாஸ்டர் ‘ஒலி எழுப்பாதீர்’ பலகைக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டாவது சரணத்துல டிரம்ஸ் இறங்காம விட்டேன் பாரு” என்று தொடங்கினார் டயர்காரர். “அங்கதான் பாட்டே எழுந்து நின்னுச்சு. அடிக்கிறது எவனுக்கும் வரும். அடிக்காம இருக்கறதுக்குத்தான் கை வேணும்.”

“முதல்ல நிறுத்தினது நான்” என்றார் டீச்சர். “நான் நிரப்பாம விட்ட இடத்துலதான் ஜனங்க மூச்சு விட்டாங்க. ஒருத்தர் என்கிட்டயே வந்து சொன்னார்.”

“நான் கடைசி வரைக்கும் ஒரு கம்பியக்கூடத் தொடல” என்றான் மச்சான். “பேஸ் இவ்வளவு சுத்தமா இருந்து நான் கேட்டதே இல்ல.”

மூவரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்து ஒரே மனதாகத் தலையாட்டினார்கள். டொப்பென்று இறங்கிய காலைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

“ஒரே ஒரு குறை மாஸ்டரே” என்றார் டயர்காரர். “அடுத்த மேடையில இன்னும் கொஞ்சம் நல்லா வாசிக்காம இருக்கணும். அதுக்கு ஒத்திகை வேணும். நாளைக்கே வந்துடறோம்.”

மாஸ்டர் காலைக் கெட்டியாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன வார்த்தையை அன்றைக்குத்தான் மனசாரச் சொன்னார்.

“நன்றி.”