முந்நூறு அடி உயரத்தில் நல்ல ரோடு

சாலையை டிரோனில் படமெடுத்துக் கொடுத்தால் போதும், வேலை முடிந்ததென்று நெடுஞ்சாலைத்துறை அலுவலகத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். கல்யாணங்களுக்கு வாங்கிய டிரோனை நான் ரோட்டுக்கும் பாலத்துக்கும் பறக்கவிட ஆரம்பித்தது இப்படித்தான். கோயம்புத்தூரிலிருந்து எங்கே கூப்பிட்டாலும் போவேன்.

தாராபுரம் பக்கம் ஓர் ஓடைப்பாலமும் அதை ஒட்டிய ரோடும். காலையில் போய் இறங்கியதும் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். குத்திய குச்சியை மோந்து பார்த்துவிட்டு என் தோளில் கை போட்டார்.

"அண்ணா, முந்நூறு அடிக்குக் கீழ எறக்க வேண்டாமுங்க. மேல இருந்து எடுத்தாத்தான் அம்சமா இருக்கும்."

கரண்ட் கம்பிக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மேலே போனதும் எனக்கே வாய் பிளந்தது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே கன்னங்கரேலென்று புத்தம்புது ரோடு. பாலத்தடியில் கொட்டியிருந்த கோழிக்கழிவுகூட அந்த உயரத்தில் வெள்ளைப் பூ மாதிரி தெரிந்தது. நாற்றம் மட்டும் கீழே என் மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

டிரோன் இறங்கிக்கொண்டிருந்தபோது மொபெட்டில் பால்கேனோடு ஓர் அம்மா பாலத்தில் ஏறினார். ஐம்பது வயதிருக்கும். நடுப்பாலத்தில் முன்சக்கரம் பொதுக்கென்று உள்ளே போனது. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நான் டிரோன் பத்திரமாகத் தரையைத் தொடும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் ஓடினேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

பக்கத்தில் போனதும் புரிந்தது. அது புது ரோடே இல்லை. பழைய ரோட்டின் குழிகளில் கிரஷர் கல்தூளை நிரப்பி, மேலே தண்ணீராய்க் கரைத்த தாரைத் தெளித்திருந்தார்கள். செருப்புக் காலால் தேய்த்தேன், தூள் பெயர்ந்து வந்தது. அந்தக் கறுப்பில் பால் ஓடி, சாக்கடை நிறத்தில் தேங்கி நின்றது. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு, "படத்துல இது உழுகலையேங்க?" என்றார். விழுந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

என் காரில்தான் அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. வீட்டில் மூன்று மாடுகள், பால் கறக்கும் கை. எதற்கும் இருக்கட்டும் என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இவ்வளவும் தெரிந்துதான் அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நல்ல படங்களாகப் பொறுக்கினேன். ஒரு படத்தில் ரோடு லேசாகச் சாம்பல் பூத்துத் தெரிந்தது. கல்யாணப் பெண்ணின் கூந்தலுக்குச் செய்வதுபோலக் கறுப்பைக் கொஞ்சம் கூட்டினேன். கை பழகிய வேலை, மனசைக் கேட்டுக்கொண்டா செய்கிறது? எல்லாவற்றையும் கான்ட்ராக்டருக்கு அனுப்பிவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஆபீஸுக்குப் போயிருந்தனுங்க. ரோட்ட ஒழுங்காப் போட்டுக் குடுங்கன்னு கேட்டா, மேல இருந்து எடுத்த படத்தக் காட்டுறாங்க. ரோடு கண்ணாடியாட்டம் இருக்குது, நீதாம்மா பாத்து ஓட்டோணும்னு சொல்லிப்போட்டாங்க. பால் சொசைட்டிக்கு ரெண்டு வேளையும் அதுலதானுங்க போகோணும். இப்ப என்ற மகதான் வண்டி ஓட்டுறா. நீங்க அங்கயே நின்னு பாத்தீங்களே, ஒருக்கா வந்து சொல்றீங்களா?"

அவருக்குக் காட்டியது நான் கறுப்பேற்றிய படம்தான். வந்து சொன்னால் அந்தப் படத்தை எடுத்தவன் நான் என்பதையும் சொல்ல வேண்டும். அப்புறம் எந்தக் கான்ட்ராக்டரும் என்னைக் கூப்பிட மாட்டான்.

"வெளியூர்ல இருக்கனுங்க, வர ஒரு மாசம் ஆகும்" என்றேன். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

"சரிங்க, உங்க வேலையப் பாருங்க. அன்னைக்கு நீங்க இல்லீன்னா நான் அங்கயே கெடந்திருப்பனுங்க. உங்களாட்டம் நல்ல மனசு ஆருக்குங்க வரும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.