விழுந்தவரை யார் தூக்குவது?

இங்கே ஒஸ்லோவில் பஸ் தரிப்பிடத்தில்கூட ஆளுக்காள் தள்ளித்தான் நிற்பார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை. போன பனிக்காலத்தில் ஒரு வயோதிபப் பெண் சறுக்கி விழுந்தபோதும் ஒருவரும் கிட்டப் போகவில்லை. நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்க, ஓர் இளைஞன் "இக்க ரோர்!" என்று கத்தினான். தொடாதே என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன இரக்கமில்லாத சனம்! பிறகுதான் கண்டேன், அவன் போனில் அம்புலன்ஸ்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தான். கழுத்து முறிந்திருந்தால் அசைக்கக் கூடாதாம். "உங்கள் நாட்டில் உடனே தூக்கிவிடுவீர்களாக்கும்," என்றான் தன்மையாக. பெருமையாகத் தலையாட்டினேன்.

அந்தப் பெருமையோடுதான் ஆடியில் ஊருக்குப் போனேன். அக்காவின் கணவருடைய ஓட்டோவில் ஜெயபுரத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் வழியில், ஆளரவமற்ற வீதியில் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தார். காலிலிருந்து இரத்தம் ஓடியது. அத்தான் இறங்கினார். பற்றைக்குள் ஒரு கொப்பை முறித்து வந்து, வாகனங்கள் விலகிப் போகட்டும் என்று வீதியில் போட்டார். அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தூக்குங்கோ அத்தான்!"

"பொறு பிள்ளை. இன்னொரு வாகனம் வரட்டும். தனியக் கொண்டுபோனா நாங்கள்தான் இடிச்சது எண்டுவினம். விசாரணை முடியுமட்டும் ஓட்டோவை மறிச்சு வைச்சா நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது?"

"ஆள் செத்துப்போகுமே!"

அவர் வீதியின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். செல்லடிக்குள் முன்பின் தெரியாதவர்களைத் தோளில் சுமந்த மனிதர் இவர். போர் முடிந்த பிறகு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. அவரோடு கோபிக்கவும் முடியவில்லை. சால்வையால் அந்த மனிதரின் காலை இறுக்கிக் கட்டி, அக்குளுக்குள் கைகொடுத்தேன். அத்தான் முணுமுணுத்தபடி கால்களைப் பிடித்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த, விழுந்தவரின் மனைவி முதலில் கேட்டது, "நீங்களோ இடிச்சது?" என்றுதான். அத்தான் என்னைப் பார்த்த பார்வை! நல்ல காலம், காயக்காரர் கண்விழித்து, மாடு குறுக்கே ஓடியதைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பெண் அழுத அழுகையைச் சொல்லி முடியாது. என் கையை விடவேயில்லை.

"எந்த ஊர் பிள்ளை நீங்கள்?"

நான் வாயெடுக்க முதல் அத்தான் சொன்னார்: "அவா இஞ்சத்த ஆள் இல்லை. வெளிநாடு. அதுதான் யோசிக்காமல் தூக்கினவா."