தேவசிகாமணியின் களம்

கல்லில் வெட்டியிருந்தார்கள்: "இம்மைதானம் நாறும்பூநாத பிள்ளை அவர்கள் தர்மம், 1913." எலியேசர் இரண்டு முறை வாசித்தான். மூன்றாம் முறை வாசித்திருந்தால் கல்லைப் பெயர்த்திருப்பான்.

அவன் சர்வே இலாகாக்காரன். பாளையங்கோட்டைக்குத் தெற்கே இந்த நான்கு ஏக்கரில் எது யாருடையது என்று அவனுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். சுற்றிலும் பிள்ளையின் கரடு, முள்ளும் கல்லும். நடுவில் பதினான்கு சென்ட், நெல்லடிக்கும் களம். அது எலியேசரின் அப்பா தேவசிகாமணியுடையது. கிரிக்கெட் நடப்பது அந்தப் பதினான்கு சென்டில்தான். மற்றதெல்லாம் பந்து பொறுக்கும் இடம்.

தேவசிகாமணிக்கு எழுத்து தெரியாது. களம் தெரியும். தை பிறந்ததும் குளத்துக் கரம்பை மண்ணை வண்டியில் கொண்டுவந்து கொட்டி, நனைத்து, திமிசு போட்டு இறுக்கி, சாணி மெழுகுவார். பிறகு வெறுங்காலோடு நடப்பார். குதிகால் சொல்லும், இன்னும் ஒரு நாள் காய வேண்டுமென்று. ஊரில் யார் வேண்டுமானாலும் அங்கே கதிரடிக்கலாம்.

1903இல் பாளையங்கோட்டைக் குமாஸ்தாக்கள் மட்டையோடு வந்தார்கள். பாக்கியசீலன் என்பவர் தரையைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஜில்லாவுல இப்படி ஒரு தரை கெடையாது. ஆடிக்கிடட்டுமா?"

"அறுப்பு இல்லாத நாளுல ஆடுங்க. மாசியில மட்டும் விட்டுரணும்."

"விட்டுருவோம்."

பத்திரம் அவ்வளவுதான்.

வரப்பில் உட்கார்ந்து தேவசிகாமணியும் ஆட்டம் பார்ப்பார். "பந்து போடச் சொன்னா கல்லெறியுதான் பாரு" என்று சிரிப்பார்.

1908இல் சர்வே வந்தது. அளந்தவன் எலியேசர்.

"களத்தைத் தனியா பிரிச்சு நாலு கல் நட்டுருதேன்பா."

"களத்துல கல்லா? கதிர் மிதிக்கிற பிணையல் மாடு காலை ஒடிச்சுக்கிடவாலே? எல்லை போட்டா நாளைக்கு எவன் கதிரோட வருவான்? பிள்ளைக்குத் தெரியாதா, இது நம்ம களம்னு?"

கல் இல்லாவிட்டால் சர்வேயில் தனி எண் இல்லை. எலியேசர் விதி தெரிந்தவன். தெரிந்தே அப்பாவின் சொல்லுக்கு விட்டுக்கொடுத்தான். மொத்த நிலமும் ஒரே எண்ணாகப் பிள்ளையின் பெயரில் ஏறியது. சர்வே படத்தின் அடியில் எலியேசரின் கையெழுத்து.

1912 மாசியில் தேவசிகாமணி கதிர்க்கட்டோடு போனபோது முள்வேலி நின்றது. வேலிக் கதவில் பூட்டு.

"மைதானத்தைக் கிரிக்கெட் சங்கத்துக்குக் கொடுத்தாச்சு வே" என்றார் பிள்ளை. "படம் உம்ம மகன் போட்டதுதான். போய்க் கேளும்."

தேவசிகாமணி கேட்கவில்லை. மகனுக்கு ஒரு வரி எழுதச் சொல்லவுமில்லை. கட்டுகள் வரப்பில் கிடந்தன. மூன்றாம் நாள் மழை பெய்தது. நெல் கதிரிலேயே முளைத்தது. ஆடியில் செத்தார். எலியேசர் ஆழ்வார்குறிச்சி சர்வே முகாமிலிருந்து வந்து சேருமுன் அடக்கம் முடிந்திருந்தது.

"பூட்டைப் பாத்துட்டு வந்தவரு, பெறகு அந்தப் பக்கமே திரும்பலலே" என்றாள் அம்மா சாரம்மாள்.

இப்போது மறு மாசி. கல் திறக்கும் நாள். தூத்துக்குடியிலிருந்து ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். விடிந்ததும் எலியேசர் பூட்டை உடைத்தான். அப்பாவின் பண்ணையாள் முத்துமாலை கதிரைப் பரப்பினான். அப்பா எடுத்து வைத்திருந்த விதையில் விளைந்த கதிர். நான்கு மாடுகளைப் பிணைத்துச் சுற்ற விட்டார்கள்.

வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாகக் கூட்டம் வந்தபோது மாடுகள் ஆடுகளத்தில் மிதித்துக்கொண்டிருந்தன. "பொலியோ பொலி!" என்று முத்துமாலை நெல் பெருகக் குரல் கொடுத்தான்.

"ஏலே எலியேசர்! மாட்டை அவுருலே!" பிள்ளை கத்தினார். "வந்தவங்க முன்னால மானம் போகுது!"

"மாசி மாசம் வே. சொல்லு கொடுத்திருக்கு."

"எவன் கொடுத்தான்? காகிதத்தைக் காட்டு!"

"காகிதம் உம்மது. போட்டது நான். நெல்லு எங்கப்பாது."

கூட்டத்தில் பாக்கியசீலன் நின்றார். தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குனிஞ்சு என்ன தேடுதீரு?" என்றான் எலியேசர். "கொடுத்த சொல்லு அங்கன கெடக்காது."

மாடுகள் சுற்றின. வெயில் ஏறியது. வைக்கோலை உதறி, நெல்லைக் கூட்டி வண்டியில் ஏற்றி முடிக்க நடுப்பகலாயிற்று. தரை முழுக்கக் குளம்புக் குழி. குழி முழுக்கச் சாணி.

அடிப்பு முடிந்தால் களத்தை மெழுகிவிட்டுத்தான் போக வேண்டும். தேவசிகாமணி ஒரு வருஷம் தவறியதில்லை. முத்துமாலை பழக்கத்தில் வாளியை எடுத்தான்.

"மெழுகிரட்டுமா சின்னையா?"

"வாளியை வையி" என்றான் எலியேசர். "தர்மம் கொடுத்தவரு மெழுகட்டும்."