பவுடர் போட்ட இன்ஜின்

கார் மெக்கானிக் தொழிலில் மூளையைவிட முதுகுக்குத்தான் வேலை அதிகம். அதிலும் ஆயில் ஒழுகுகிற இடத்தைத் தேடுவது இருக்கிறதே, சொட்டுவது ஓரிடம், கசிவது வேறிடம். என்னைப் போல் குரல் எழும்பாத ஆளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். உங்களிலும் அப்படிச் சிலர் இருப்பீர்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

கியர்பாக்ஸ் இறங்கியது

திருப்பத்தூரில் நான் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டே சீட்டு, என்னைவிட வயதில் மூத்தது. வேலூர் பல் டாக்டருடையது. மலைமேல் இருக்கும் காவலூரில் அவருக்கு ஒரு வீடு, வாரக்கடைசியில் காரில் மலையேறுவார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டியது. மேஸ்திரி குனிந்து பார்த்து, "பின்சீல் போச்சு" என்றார். இன்ஜின் பின்பக்கம் ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம் அது, கியர்பாக்ஸை இறக்கினால்தான் கை எட்டும்.

"மேலேர்ந்து வழியுதோ இன்னாவோ, கழுவிப் பாக்கலாமாண்ணே?" என்றேன்.

"சீலை மாத்துறா. நீ சொல்லி நான் கேக்கணுமா?"

டைல்ஸ்

இரண்டு நாள் ஒற்றை ஆளாகக் கியர்பாக்ஸை இறக்கி, புது சீலை மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் பதமாகத் தட்டி உட்கார வைத்தேன். அடுத்த வாரமே டாக்டர் வந்து நின்றார். காவலூர் வீட்டு வாசலில் போட்ட புது டைல்ஸ் மேல் தட்டு அகலத்துக்குக் கறையாம். மேஸ்திரி என் பக்கம் திரும்பாமலே, "இவன்தான் சார், சீலைக் கோணலா அடிச்சிட்டான்" என்றார். நான் கையிலிருந்த ஆயிலைத் துணியில் துடைத்தேன்.

டாக்டர் என் கையைப் பார்த்தார். "இந்தக் கையோட நான் ஒரு பல்லுகூடப் பிடுங்க முடியாது தம்பி."

பவுடர்

இனி ஒரு சொட்டு விழுந்தாலும் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஒர்க்‌ஷாப் சமதரையில் எவ்வளவு நேரம் இன்ஜினை ஓடவிட்டாலும் கார் ஒழுகவில்லை, மலை ஏறினால்தான் ஒழுகும் போலிருந்தது. அதனால் டாக்டர் வேலூரில் இருந்த நாளில் காவலூருக்கே பஸ் ஏறினேன். காரை அவர் அங்கேயே விட்டுப் போயிருந்தார், சாவி வீட்டு வாட்ச்மேனிடம் இருந்தது. இன்ஜினை டீசலில் கழுவித் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை மேலெல்லாம் தூவினேன். ஈரம் பட்ட இடம் தெரிந்துவிடும். வாட்ச்மேனையும் ஏற்றிக்கொண்டு வளைவுகளில் ஏறி இறங்கினேன்.

பானெட்டைத் திறந்தால் நான் போட்ட சீல் பக்கம் காய்ந்தே இருந்தது. மேலே, கட்டைவிரல் அளவு ஆயில் பிரஷர் சுவிட்ச். அதன் கழுத்திலிருந்து பவுடரை நனைத்துக்கொண்டு ஒரு கோடு பின்பக்கமாக, கியர்பாக்ஸ் சேரும் இடத்தை நோக்கி இறங்கியிருந்தது. ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கினால் ஆயில் பின்னால்தானே ஓடும்! சந்தோஷத்தில் உரக்கச் சிரித்துவிட்டேன்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "இன்னாபா, பவுடரோட வுட்டுட்ட, பொட்டு வெக்கலியா?"

ஞாயிற்றுக்கிழமை

மேஸ்திரியிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர் புது சுவிட்ச் வாங்கிக்கொண்டு, டாக்டர் இருக்கும் ஞாயிறாகப் பார்த்து என்னோடு காவலூருக்கு வந்தார். என்னை டார்ச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் மாட்டினார். "நம்ம கண்ணுக்குத் தப்புமா சார்!" என்றார். வாட்ச்மேன் என்னைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். டாக்டர் அவரை டீ வாங்க அனுப்பினார். "சார், அது வந்து..." என்ற என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டாக்டர் மேஸ்திரியின் தோளைத் தட்டினார். "தம்பி மேல கோவம் இல்லீங்க. இனிமே என் வண்டியில அவர் கை படாம பாத்துக்குங்க, அது போதும்."

இப்போது நான் வாட்டர் வாஷ் பிரிவில் இருக்கிறேன். அந்தக் கார் அதற்கப்புறம் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்பதுதான் தாங்க முடியாத வயிற்றெரிச்சல்.