செங்காவின் திண்டு

திண்டை ஜன்னல் விளிம்பில் போட்டு, முழங்கைகளை அதில் ஊன்றி, பாதி உடம்பு தெருவுக்கு மேல் தொங்க, செங்கா கில்லஸ்பி பால்காரரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாள். "ஏம்பா, நேத்து நீ வச்சது பால்ல தண்ணியா, தண்ணியில பாலா?" கிளாஸ்கோவில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோருமே இப்படி ஜன்னலில் தொங்குகிறவர்கள்தான். மழை வந்தால் நாங்கள் உள்ளே போய்விடுவோம். அவள் தலையில் ஒரு பிளாஸ்டிக் துணியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருப்பாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்து மசித்து உரம் ஏறிய கை. சிரிப்பு வந்தால் பல்செட் கழன்றுவிடும் என்று வாயைப் பொத்திக்கொள்வாள். யார் கதவைத் தட்டினாலும் "சரி, சொல்லித் தொலை" என்பதுதான் வரவேற்பு. உள்ளே கணவர் ஆர்ச்சி, கப்பல் பட்டறைத் தூசி நுரையீரலில் இறங்கிப் படுக்கையில் கிடக்கிறார். கால்பந்து, குதிரைப் பந்தயம் என்று அவருக்கு மிச்சமிருக்கும் உலகம் கட்டிலைப் பார்த்துத் திருப்பி வைத்த டிவிப் பெட்டிதான்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் தலைவரி போட்டது. "கோட்டையில இருக்கற பிரபுவுக்கும் அதே வரி, படுத்த படுக்கையா கெடக்கற என் புருஷன் தலைக்கும் வரி. இது எந்த ஊரு நியாயம்? அதையும் நாட்டுல மத்தவங்களுக்கு முன்னாடி நம்ம பக்கத்து ஜனங்க தலையிலதான் போட்டுப் பாத்தா அந்தம்மா." அந்தம்மா என்றால் பதினோரு வருஷமாக அசையாமல் உட்கார்ந்திருந்த பிரதமர். செங்கா வரி கட்டவில்லை. கட்டாத வீட்டுக்கு அமீனாக்கள் ஜப்திக்கு வருவார்கள். அவள் வீட்டில் விலை போகக்கூடிய பொருள் அந்த டிவி ஒன்றுதான்.

எங்களுக்கும் ஒரு வழி இருந்தது. அமீனா வண்டி தெருமுனையில் திரும்பினால், ஜன்னலில் தொங்குகிறவள் வாணலியைத் தட்டுவாள். உடனே தெருப் பெண்கள் டீக்கோப்பையும் பின்னல் ஊசியுமாக வந்து, கீழ்வாசலிலிருந்து மூன்றாம் மாடிவரை படியெல்லாம் நெருக்கி உட்கார்ந்துவிடுவோம். எங்களை மிதித்துக்கொண்டா ஏறுவார்கள்?

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை வாணலி சத்தம் கேட்டது. வந்தவர்கள் இரண்டு பேர். மூன்றாம் மாடியில் செங்கா வீட்டுக்குத்தான். படி நிறைந்தது; அவர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள். அதே மாடியில் எதிர்வீட்டுக்காரி நான், அவள் வாசலிலேயே இருந்தேன். அப்போது உள்ளேயிருந்து ஆர்ச்சியின் குரல் இருமலோடு வந்தது.

"செங்கா, அவ போறாளாம். ராஜினாமா. டிவில சொல்றான்."

படிக்கட்டே குலுங்கியது. கீழ்வீட்டு மோராக் உள்ளே போய் டிவியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "சொந்தக் கட்சிக்காரனுங்களே கவுத்துட்டானுங்க. ஐரோப்பா விஷயத்துல யார் பேச்சையும் கேக்காம முறுக்கிக்கிட்டாளாம்."

"முறுக்கு அவளுக்கு என்னிக்குடி இல்ல?" என்றாள் செங்கா. "பதினோரு வருஷம் பொறுத்தவனுங்க இப்ப ஏன் பொறுக்கல? இவளக் கூட்டிக்கிட்டு ஓட்டு கேக்கப் போனா மண்ணக் கவ்வணும்னு பயம். அந்தப் பயத்த யாரு போட்டது? நாமதான், இந்தப் படியில உக்காந்து."

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. கோப்பைகளைப் போட்டது போட்டபடி எல்லோரும் தெருவுக்கு ஆடப் போய்விட்டார்கள். நானும் கூட்டத்தோடு கீழ்வாசல்வரை இறங்கினேன். காலிப் படியில் அமீனாக்கள் ஏறுவதைப் பார்த்தேன். பின்னாலேயே ஓடினேன்.

மேலே செங்கா தனியாகக் கதவை மறித்து நின்றாள்.

"அந்தம்மாதான் போயாச்சே, நீங்க ஜெயிச்சிட்டீங்க," என்றான் அவர்களில் இளையவன், நல்லபடியாகவே. "கொஞ்சம் வழி விடுங்கம்மா."

"அவ போனா வரியும் போயிருச்சா, தம்பி?"

"இல்லம்மா. அது அப்படியேதான் இருக்கு."

"அப்படியா" என்று உள்ளே போனாள். வழி விட்டுவிட்டாள் என்று நினைத்து அவன் ஒரு படி ஏறினான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜன்னல் திண்டோடு திரும்பி வந்தாள். அதை மேல்படியில், அவன் காலுக்கு முன்னால் போட்டு, பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, மிச்சமிருந்த பாதித் திண்டைக் கையால் தட்டிக்கொண்டே, அமீனாக்களைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.